ஆறு இறால்

நியமனக் கடிதத்தில் பதினான்கு ஷரத்துகள் இருந்தன.
மீனைப் பற்றி ஒன்றுமில்லை.

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி,
போல்ட்டும் பேரிங்கும் இறக்குமதி செய்யும் கம்பெனி.
நுழைந்ததும் இடப்பக்கம் ஆறடிக் கண்ணாடித் தொட்டி,
அதில் செம்பு நிறத்தில் ஒரு அரோவானா,
மிஸ்டர் சியாவின் அதிர்ஷ்டம்.
சேர்ந்த இரண்டாவது வாரமோ மூன்றாவதோ, ஒரு வெள்ளிக்கிழமை,
சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு
"மணி, நாளைக்கு இந்தப் பக்கம் வருவியா?" என்றார்.
வருவேன் என்று நான் சொல்லவில்லை.
வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
பதினொரு வருடச் சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின.

தவமணி என்பது அவர் வாயில் நுழையாது.
மணி, மணி என்று நாள் முழுக்கக் கூப்பிடுவார்.
கேட்பவர்களுக்குக் காசைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.
காசைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

டிசம்பரில் போனஸ் கடிதம் உறையில் வரும்.
கழிப்பறைக்குப் போய்ப் பிரிப்பேன்.
திரும்பும்போது ஓகேவா என்று புருவத்தால் கேட்பார்.
நானும் புருவத்தாலேயே ஓகே என்பேன்.
உள்ளுக்குள் ஒரு தொகை வைத்திருந்தேன்.
அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.
தெரியாமலா இருக்கும், என் கையால்தானே
அவருடைய லாபக் கணக்கு ஏறுகிறது.

நியாயமாய் இதையும் சொல்ல வேண்டும்.
என் வீட்டுக்காரர் கூ டெக் புவாட்டில்
நாற்பத்தொரு நாள் கிடந்தபோது
நான் வேலைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை.
சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறையவில்லை.
விடுப்புப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நேரே
யாரோ "வெளி வேலை" என்று எழுதியிருந்தார்கள்.
சியாவின் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா.
நன்றி சொல்லப் போனேன். தொலைபேசியை எடுத்துக்
காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் எதைக் கேட்க?

போன மார்ச்சில் ஜெரெமி வந்தான்.
இருபத்தாறு வயது, நல்ல பையன்,
ஜி.எஸ்.டி. தாக்கலை என்னிடம்தான் கற்றுக்கொண்டான்.
அவன் சம்பளத்தையும் நான்தான் கணினியில் ஏற்ற வேண்டும்.
ஏற்றினேன்.
எண்ணைச் சரிபார்க்க ஒருமுறை, இன்னொரு முறை.
என்னுடையதைவிட எழுநூற்று ஐம்பது கூட.
நேர்காணலில் வாயைத் திறந்து கேட்டானாம்,
கேட்டதும் கொடுத்துவிட்டாராம். அவனே சொன்னான்,
தே பெங்கை உறிஞ்சிக்கொண்டே.

ராஜினாமாக் கடிதத்தைப் படித்துவிட்டு சியா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஏன் சொல்லவே இல்லை?" என்றார்.
நீங்கள் ஏன் கேட்கவே இல்லை என்பது
நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே அனுப்பினேன்.
"போதும்னு நினைச்சேன்" என்றார், மேசையைப் பார்த்து.
எனக்கா, அவருக்கா, யாருக்குப் போதும் என்று புரியவில்லை.

ஒப்படைப்புக் குறிப்பு ஒன்பது பக்கம்.
கடவுச்சொற்கள், வங்கி டோக்கன் இருக்கும் இழுப்பறை,
இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்கள்,
எந்தக் கிழமை அழைத்தால் யார் எடுப்பார்கள்.
மீனை எழுதவில்லை.
மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

முதல் சனிக்கிழமை. ஈசூன் வீட்டில்
பழக்கதோஷத்தில் ஏழு மணிக்கே குளித்து,
பையைத் தோளில் மாட்டி மின்தூக்கிவரை போய்விட்டேன்.
திரும்பி வந்து காப்பி போட்டேன்.
பத்தேகாலுக்குக் கைப்பேசி ஒளிர்ந்தது.
படத்தில், தொட்டியை முகவாயால் இடித்தபடி மீன்.
அதன் மேல் மங்கலாய் விழுந்திருந்தது அவருடைய வழுக்கை.
கீழே ஒரு வரி: எத்தனை இறால்?

பதினொரு வருடம். அது அவருக்குத் தெரியாது.
சனிக்கிழமைகளில் அவர் என்ன செய்வார் என்று
எனக்கும்தான் தெரியாது.

காப்பி ஆறும்வரை பதில் போடவில்லை.
பிறகு தட்டினேன்: ஆறு.
அனுப்பியும் மனம் கேட்காமல் இன்னொன்று:
தலையைக் கிள்ளிப் போடுங்கள்.
மேல் மூடியைப் பூட்ட மறக்காதீர்கள்,
அது குதிக்கும்.